ஆண்டறிக்கை: கால்வாய் வேலையும் நமக்குள் வந்த மனஸ்தாபமும்

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே ஏரி வரத்துக்கால்வாய் தூர்வாரிய வேலைக்கு வருகிறேன்.

பட்டாளத்துக்கு நிறையப் பேரை அனுப்பிய கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நமக்குப் பட்டாளம் புதிதில்லை. ஆனால் முன்னாள் ராணுவத்தினரும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு வேலையை எடுத்துச் செய்தது இதுதான் முதல் முறை. காலை ஆறு மணிக்கு எல்லோரும் கரையில் நிற்கணும் என்றார் சுபேதார் ஐயா. பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஏழரைக்கு வந்த ஓர் உறுப்பினரை ஐயா எல்லோர் முன்னாலும் அதட்ட, "நாங்க என்ன உங்க ஜவான்களா சார்?" என்று கேட்டு மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார் அவர். அடுத்த ஞாயிறு பாதிப் பேர் வரவில்லை. ஜேசிபி வாடகை மணிக்கணக்கில் ஏறும்போது ஆள் இல்லாமல் வண்டி நின்றால் சங்கப் பணம்தானே போகும் என்று ஐயா கேட்டதும் நியாயம்தான்.

எல்லைச் சாலைகள் அமைப்பில் இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர்தான் வழி சொன்னார். 1960ல் தொடங்கிய அந்த அமைப்பில் ராணுவ அதிகாரிகளும், கிரெப் என்ற அந்த அமைப்பின் சொந்தப் பொறியாளர் படை ஆட்களும் ஒன்றாகத்தான் சாலை போடுகிறார்கள், உரசல் அங்கேயும் உண்டு. ஆனால் கிரெப் ஆட்களுக்கு ராணுவச் சட்டத்தின் பல பிரிவுகள் பொருந்தும், நம்மிடம் அப்படி எந்தப் பிடியும் இல்லை, மனசு நொந்தால் ஆள் வரமாட்டார், அதனால் யார் எதை முடிவு செய்வது என்று முதலிலேயே பேசிவிடுங்கள் என்றார். பேசினோம். ஜேசிபி ஓடும்போது சுபேதார் சொல்தான் கடைசி, நேரமும் எங்கே வெட்டுவது என்பதும் முந்தின நாள் கூடி முடிவு செய்வது, யாரையும் பத்துப் பேர் முன்னால் திட்டக்கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டோம்.

அப்புறம் வேலை முடிந்ததும் கரையிலேயே உட்கார்ந்து, என்ன செய்ய நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் மாறியது, அடுத்த வாரம் என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்தோம். 1970களில் அமெரிக்க ராணுவத்தில் வந்த பழக்கம் இது, பதவி பார்க்காமல் பேசணும். மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் போனவரும் திரும்பி வந்து, வளைவில் இந்த மட்டத்துக்கு வெட்டினால் தண்ணீர் என் நிலத்துக்குள் எதிர்த்து வரும் என்று குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். ஐயா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் அங்கேயே வெட்டும் மட்டத்துக்குக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மாற்றிக் கட்டச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த நாள் அது.

ஏரியின் உபரி நீர் வெளியேறும் கலங்கலின் வேலை பாக்கி. டீ போட்டுக் கொடுத்த பெண்களிடம் யாரும் யோசனை கேட்கவில்லை, அது தப்பு. இந்த வருஷப் பணிக்குழுவில் அவர்களும் இருக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.