மோலோ, மாமா

கேப் டவுன்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இங்கே மகளுக்குப் பரீட்சை, அதுதான் தாமதம். பள்ளியில் அவளுக்கு இரண்டாவது மொழி என்ன என்று கேட்டிருந்தாய். இசிகோசா, இங்குள்ள கோசா மக்களின் மொழி.

எட்டாம் வகுப்பில் ஆஃப்ரிகான்ஸா (டச்சு மொழியிலிருந்து இங்கே கிளைத்த மொழி), இசிகோசாவா என்று கேட்டார்கள். ஆஃப்ரிகான்ஸ் எடுத்தால் மார்க் வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. "கூடப் படிக்கிறவங்க வீட்டுல பேசுற மொழிம்மா. நான் மட்டும் ஏன் புரியாம நிக்கணும்?" என்றாள். நியாயம்தானே?

இசிகோசா பேச மூன்று விதமாக நாக்கைச் சொடுக்க வேண்டும். ஒன்று, ஐயோ பாவம் என்று நாம் உச்சுக் கொட்டுவோமே, அதே ஒலி. இன்னொன்று, வண்டிக்காரர் மாட்டை முடுக்க வாயோரத்தில் எழுப்புவது. மூன்றாவது, நாக்கை அண்ணத்தில் ஒட்டி இழுத்தால் வரும் 'டொக்'. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்து சேர்ந்த ஒலிகள் இவை. தனியாகச் சொடுக்க யாருக்கும் வரும், சொல்லுக்கு நடுவில் வைப்பதுதான் பாடு. முட்டைக்கு 'இகாண்டா', அந்த 'கா'வில் 'க்' இருக்கும் இடத்தில் 'டொக்' விழ வேண்டும், சொல்லும் உடையக் கூடாது. ஒரு வாரம் காலையில் முட்டை வேகும்போதெல்லாம் அடுப்பருகே நின்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள் வந்துவிட்டது!

இலக்கணம் நமக்கு நேர் எதிர். 'பெரியவர்கள் போகிறார்கள்' என்று நாம் கடைசியில் மாற்றுகிறோம். அவர்கள் முன்னால் மாற்றுகிறார்கள். 'உம்ந்து' என்றால் மனிதர், 'அபாந்து' மனிதர்கள். அந்த 'பா' அடுத்து வரும் பெயரடையிலும் வினையிலும் ஏறிக்கொள்கிறது: அபாந்து அபாகுலு பாயஹாம்பா, அதாவது பெரியவர்கள் போகிறார்கள். இதைப் புத்தகத்தில் எழுதி எழுதியே முதல் வருஷம் போய்விட்டது, வகுப்பில் பேச விடவே இல்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான். பேச்சு வந்தது இடைவேளையில், தோழிகளிடம்.

போன சனிக்கிழமை கடையில் பில் போடும் அம்மாவிடம், "மோலோ, மாமா. நின்ஜானி?" என்றாள். மோலோ என்றால் வணக்கம், மாமா என்றால் அம்மா! தாதா என்றால் அப்பா, சிசி அக்கா, பூத்தி அண்ணன். நம் ஊர் மாதிரியே முன்பின் தெரியாதவரையும் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். 'நின்ஜானி' பன்மை, ஒருவரிடம் கேட்டாலும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று ஆகிவிடும். அந்த அம்மா பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "சிபிலீலே," நாங்கள் நலம் என்றார். அப்புறம் கடகடவென்று என்னவோ கேட்டார். இவளுக்குப் பாதிதான் புரிந்தது. வரிசையில் ஆட்கள் நிற்க, அவர் நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை சொன்னார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. 'உமாகுலு', அதாவது பாட்டியைப் பற்றிப் பேசப் போகிறாள். என் அம்மா நம் விடுதிக்கு முறுக்கு டின்னோடு வந்தபோது எடுத்த போட்டோ உன்னிடம்தான் இருக்க வேண்டும். தேடிப் பார்த்து, கிடைத்தால் உடனே அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி