அவுட் என்றால், எப்படி அவுட் என்றும் எழுதுங்கள்

இந்திய கிரிக்கெட் அணியின் தேர்வுக்குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் சென்னையில் லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உங்களுக்குக் கடிதம் எழுதும் எண்ணமும் எனக்குப் போன மாதம் வரை இருந்ததில்லை.

போன மாதம் வேளச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் ஆட்டம். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பையன் என் மேசைக்கு வந்து நின்றான். பத்தொன்பது வயது, இடக்கைச் சுழற்பந்து வீச்சாளன். "சார், இந்த சீசன்ல நான் போட்ட ஓவரெல்லாம் உங்க புக்ல இருக்குல்ல, போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டான். எதற்கு என்றேன். ஓர் அணிக்கான பிராபபிள்ஸ் பட்டியலில், அதாவது உத்தேசப் பட்டியலில், அவன் பெயர் இருந்திருக்கிறது. இறுதிப் பட்டியலில் இல்லை. எந்த அணி, யார் தேர்வு செய்தார்கள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவன் இன்னும் ஆட வேண்டிய பையன். ஏன் எடுக்கவில்லை என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவன் அப்பா காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர். "உங்கிட்ட என்ன குறையாம்?" என்று தினமும் கேட்கிறாராம். பதில் இல்லாததால், தான் எடுத்த விக்கெட்டுகளையாவது காட்டலாம் என்று வந்திருக்கிறான்.

மேசை மேல் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டேன். பக்கம் பக்கமாக எடுத்தான். எடுத்து முடித்ததும், "எங்கப்பா வேற ஒண்ணு சொல்றாரு சார். நமக்கு ஆள் இல்லைங்கிறாரு" என்றான்.

அந்த வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. "ஆள் இல்லை." விடியற்காலையில் திருவொற்றியூரில் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் மாறி, பறக்கும் ரயிலில் வேளச்சேரி வந்து, கிட் பையைத் தோளில் சுமந்து நடந்து வருகிற பையன் அவன். வெயிலைத் தாங்குவான், தோல்வியையும் தாங்குவான். காரணம் சொல்லாமல் கழற்றி விட்டதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. குறை இன்னதென்று தெரிந்தால் மறுநாள் காலையில் நெட்டுக்குப் போய் அதைச் சரிசெய்யப் பார்ப்பான். ஆள் இல்லை என்பதுதான் குறை என்றால் எந்த நெட்டில் போய்ச் சரிசெய்வது?

இது கீழ்மட்டத்து விஷயம், தேசியத் தேர்வுக்குழுவுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் வழக்கம்தான் படிப்படியாகக் கீழே இறங்கி வருகிறது என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் காரணம் சொல்ல ஆரம்பித்தால் மாநிலத்தில் சொல்வார்கள், மாவட்டத்திலும் சொல்லியாக வேண்டிவரும்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. ஓர் ஆட்டக்காரர் அவுட் என்று எழுதினால், எப்படி அவுட் என்றும் எழுத வேண்டும். போல்டா, கேட்ச்சா, பிடித்தது யார், வீசியது யார் என்று எல்லாமே அந்த ஒரே வரியில் வர வேண்டும். வெறுமனே "அவுட்" என்று எழுதிய புத்தகத்தை யாரும் கையில் வாங்க மாட்டார்கள். ஒவ்வோர் ஓவர் முடிந்ததும் பக்கத்தில் இருக்கும் எதிரணி ஸ்கோரரோடு கணக்கை ஒத்துப் பார்க்கிறோம். ஒரு ரன் இடித்தாலும் அங்கேயே தேடுகிறோம். பத்துப் பேர்கூடப் பார்க்காத ஆட்டத்துக்கு இவ்வளவு கணக்கு இருக்கிறது. நூற்று நாற்பது கோடிப் பேர் தங்களுடையது என்று நினைக்கிற அணிக்கு வெறும் பெயர்ப்பட்டியல் வெளியிட்டால் போதும் என்றிருக்கிறது. சில தொடர்களுக்கு முன்னால் தலைவர் நிருபர்களைச் சந்திக்கிறார் என்பது உண்மைதான், அதற்கு நன்றி. ஆனால் பல சமயம் பட்டியல் மட்டும்தான் வருகிறது. பெயர் இல்லாதவன் எப்படி அவுட் ஆனான் என்று எங்கும் எழுதப்படுவதில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு முறை அணியை அறிவிக்கும்போதும், நீக்கப்பட்டவர் ஏன் நீக்கப்பட்டார், கடைசி வரை பரிசீலித்த மற்றவரை ஏன் எடுக்கவில்லை என்று எழுத்தில் வெளியிடுங்கள். ஒருவருக்கு இரண்டு வரி போதும்.

இப்போது மண்டல விஷயத்துக்கு வருகிறேன். கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, மத்தியம் என்று ஐந்து மண்டலம், மண்டலத்துக்கு ஒரு செலக்டர் என்பது பல காலமாக இருக்கும் வழக்கம். கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு 2016-இல் மூன்று பேர் போதும், மூவரும் டெஸ்ட் ஆடியவர்களாக இருக்கட்டும் என்றது. உச்ச நீதிமன்றம் முதலில் அதை ஏற்றது, 2018-இல் திரும்ப ஐந்து பேராக்கியது. நாடு பெரியது, ஆட்டங்கள் அதிகம், பார்க்க ஆள் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. உள்நாட்டுப் போட்டியான ரஞ்சிக் கோப்பையிலேயே 38 அணிகள் ஆடுகின்றன. ஆனால் ஐந்து பேர் வேண்டும் என்பது ஒன்று, திசைக்கு ஒருவர் வேண்டும் என்பது இன்னொன்று. 2024-இல் மேற்கு மண்டலத்துக்காரர்கள் இருவர் குழுவில் இருந்தபோது, சலில் அங்கோலாவின் இடத்துக்கு வடக்கிலிருந்து அஜய் ராத்ரா வந்தார். இருவருமே நாட்டுக்காக ஆடியவர்கள், அவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தேர்வு செய்கிறவரையே திசை பார்த்து உட்கார வைத்தால், அவர் தேர்வு செய்கிற பையனையும் திசை பார்த்துத்தான் எடுத்தார் என்று ஊர் பேசாதா?

பேசுகிறது. எங்கள் ஊர் டீக்கடையில் பேசுகிறார்கள். தமிழ்நாட்டு மட்டையாளர் பத்ரிநாத்தின் பெயர் வராமல் அந்தப் பேச்சு முடிவதே இல்லை. முதல்தர ஆட்டங்களில் 10,000 ரன்னுக்கு மேல், 32 சதம், சராசரி 54-க்கு மேல். டெஸ்ட் எத்தனை? இரண்டு. 2010 பிப்ரவரியில் நாக்பூரில், தென்னாப்பிரிக்காவின் ஸ்டெயின் ஏழு விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் 56 அடித்தார். அடுத்து கொல்கத்தாவில் ஒன்று. அவ்வளவுதான். அவருக்கு முந்திய தலைமுறைக்கு வி.வி.குமார் கதை தெரியும். 1961-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்ட்டிலேயே ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர் அவர். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்தவருக்கும் டெஸ்ட் இரண்டுதான்.

பம்பாய்க்காரனாக இருந்திருந்தால் எடுத்திருப்பார்கள் என்று இங்கே எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பம்பாயின் பத்மாகர் சிவால்கர் 589 விக்கெட் எடுத்தார், ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. அமோல் முசும்தார் 11,000 ரன்னைத் தாண்டினார், அவருக்கும் ஒன்றுகூட இல்லை. ஹரியானாவின் ராஜிந்தர் கோயல் 750 விக்கெட். அவருக்கும் இல்லை. ஆனால் கோயலையும் சிவால்கரையும் பற்றிப் பேசும்போது யாரும் சதி என்று சொல்வதில்லை. ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும். இருவரும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர்கள், அவர்கள் காலத்தில் அதே வகைப் பந்து வீசிய பிஷன் சிங் பேடி இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்தார். காரணம் தெரிந்த இடத்தில் வருத்தம் மட்டும் மிஞ்சுகிறது. தெரியாத இடத்தில்தான் சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

நம் மண்டலத்து ஆள் குழுவில் இருந்தால் நமக்கு நியாயம் கிடைக்கும் என்பதும் பொய்யாகிவிட்டது. பத்ரிநாத் அந்த இரண்டு டெஸ்ட் ஆடியபோது தேர்வுக்குழுத் தலைவர் எங்கள் ஸ்ரீகாந்த்தான். அப்புறம் கர்நாடகத்தின் கருண் நாயர். 2016 டிசம்பர் 19 அன்று சேப்பாக்கத்தில் கேலரியில் இருந்தேன். மூன்றாவது டெஸ்ட் ஆடுகிற பையன், இங்கிலாந்துக்கு எதிராக 303, அவுட் இல்லை. டெஸ்ட்டில் சேவாக்குக்கு அப்புறம் முச்சதம் அடித்த ஒரே இந்தியர். அடுத்த டெஸ்ட்டில் அவர் இல்லை. ரஹானே திரும்பி வந்தார் என்பது காரணம், அது புரிகிறது. 2018-இல் இங்கிலாந்துக்கு அழைத்துப்போய்த் தொடர் முழுக்க வெளியே உட்கார வைத்து, பாதியில் அழைக்கப்பட்ட ஹனுமா விஹாரியைக் கடைசி டெஸ்ட்டில் ஆட வைத்தார்களே, அது எனக்குப் புரியவில்லை. யாரும் என்னிடம் பேசவில்லை என்றார் கருண். பேசினோம் என்றது தேர்வுக்குழு. அப்போது குழுவின் தலைவர் தெற்கு மண்டலத்துக்காரரான எம்.எஸ்.கே. பிரசாத். ஒரு வார்த்தைக்கு எதிராக இன்னொரு வார்த்தை. இருவரில் யார் சொன்னது சரி என்று இன்று வரை என்னால் சொல்ல முடியாது. எழுத்தில் இரண்டு வரி இருந்திருந்தால் இருவருக்குமே அந்த அவமானம் நேர்ந்திருக்காது. 2017 மார்ச்சில் வெளியே போனவர் 2025 ஜூனில்தான் திரும்பி வந்தார். எட்டு வருடம். இடையில் கர்நாடகத்தை விட்டு விதர்பாவுக்குப் போய், மட்டையாலேயே கதவைத் தட்டி வந்தார். எல்லோருக்கும் அந்தத் தெம்பு இருக்குமா?

அடித்த ரன்னே தகுதி ஆகிவிடாது என்பதை ஸ்கோர் எழுதுகிற நான் நன்றாக அறிவேன். விட்ட கேட்ச் என் புத்தகத்தில் இருக்காது. ஆடுகளம் எந்த லட்சணத்தில் இருந்தது என்றும் இருக்காது. இருபது ரன் அடித்தவன் இருநூறு அடித்தவனைவிட நல்ல ஆட்டக்காரனாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆடி அனுபவப்பட்ட உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள். "இவன் ரன் அதிகம், ஆனால் துள்ளி வருகிற பந்தில் திணறுகிறான்" என்று எழுதுங்கள். மறுக்கிறவர்கள் மறுக்கட்டும். அது ஆட்டத்தைப் பற்றிய சண்டையாக இருக்கும், ஊரைப் பற்றியதாக இருக்காது.

ஊர்ச் சண்டை எடுக்கப்பட்டவனையும் விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிய நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடியபோது நாங்கள் அழாத குறை. தெற்கிலிருந்து யார் அணிக்குள் போனாலும் "கோட்டாவில் வந்தவன்" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. வடக்கிலிருந்து வருகிறவனை இங்கே நாம் சொல்வதும் அதேதான். எங்கள் மாநிலத்துக்குள்ளேயே சென்னைப் பையன், மாவட்டத்துப் பையன் என்ற பேச்சு உண்டு. அதை மறைத்துவிட்டு உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சேப்பாக்கத்துக்காரர்களுக்கு ஊர்ப்பாசம்தான் பெரிது என்று நினைத்துவிடாதீர்கள். 1997-இல் பாகிஸ்தானின் சயீத் அன்வர் இங்கே நம்மை அடித்து 194 எடுத்தபோது கைதட்டிய ஊர் இது. 1999 ஜனவரி 31 அன்று சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் 12 ரன்னில் தோற்றோம். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது கேலரி முழுக்க எழுந்து நின்றது. நானும் நின்றேன், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது. நன்றாக ஆடினான் என்று தெரிந்தால் எதிரிக்கே எழுந்து நிற்கிறவர்கள் நாங்கள். வேறு ஊர்க்காரன் ஒருவன் எங்கள் பையனைவிடத் தகுதியானவன் என்று காரணத்தோடு சொன்னால் ஏற்க மாட்டோமா?

இன்னொரு ஆதங்கம், இதோடு சேர்ந்ததுதான். ரஞ்சியின் முதல் ஆட்டம் 1934-இல் எங்கள் சேப்பாக்கத்தில்தான் நடந்தது. உலகப்போர்க் காலத்தில்கூட நிற்காத அந்தப் போட்டியை 2020-21-இல் நோய்த்தொற்றுக் காலம் என்று உங்கள் கிரிக்கெட் வாரியம் ரத்து செய்தது. ஐபிஎல்லை வெளிநாட்டுக்குக் கொண்டுபோயாவது நடத்த வாரியத்துக்கு வழி தெரிந்தது. அந்த ஒரு வருடத்தில் ஓய்வு வயதைத் தொட்டவர்கள் எத்தனை பேர்! அதன்பிறகு ரஞ்சி ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நாளுக்கு 40,000 முதல் 60,000 ரூபாய் வரை வாரியம் உயர்த்தியது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் நான்கு நாள் ஆட்டத்தில் 200 அடித்தவன், இரவு ஆட்டத்தில் இருபது பந்தில் 50 அடித்தவனுக்குப் பின்னால் நிற்கும்போது, எந்த ஆட்டத்தைப் பார்த்து எந்த அணியை எடுக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இதுவும் உங்கள் வாரியத்தின் கைக்குள்தான் இருக்கிறது. சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

மண்டலப் போட்டிகள் இருக்கட்டும். துலீப் கோப்பையை 2025-இல் திரும்ப மண்டல அணிகளுக்கே வாரியம் கொடுத்தது, பழைய ஆட்டக்காரர்களுக்கு அது சந்தோஷம். திசை என்பது ஆடும் அணிக்கு மட்டும் இருக்கட்டும். தேர்வுக்குழுவின் நாற்காலிக்கு வேண்டாம். குழுவில் ஐவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். அவர்கள் எழுதித் தருகிற காரணத்தை நாடு படிக்க முடிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே திரும்பவும் கேட்கிறேன். அடுத்த அணியை அறிவிக்கும்போது பெயர்ப்பட்டியலோடு இன்னொரு தாளையும் வெளியிடுங்கள். நீக்கப்பட்டவருக்கும், பரிசீலித்து விடப்பட்டவருக்கும் ஆளுக்கு இரண்டு வரி. அறிவிப்பதற்கு முன்பு அவர்களிடம் ஒரு போன் பேசிவிடுங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

அந்தப் பையன் என் புத்தகத்திலிருந்து எடுத்துப்போனது பதினோரு பக்கம். அதில் அவன் எடுத்த ஒவ்வொரு விக்கெட்டும் எப்படி விழுந்தது என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அவன் பெயர் ஏன் விழுந்தது என்று எழுத வேண்டியவர்கள் வேறு. அவர்கள் எழுதத் தொடங்க, நீங்கள் முதலில் எழுதிக் காட்ட வேண்டும்.

பணிவுடன்,
சென்னையிலிருந்து ஒரு லீக் ஸ்கோரர்