கோலிக் குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு இன நாய்க்குட்டி வாங்குவதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆடு மேய்க்கும் நீளமுடி நாயான கோலி (Collie) இனத்துக்கு வந்ததும், "குளிர்நாட்டு நாய், ஏற்காடு ஊட்டிக்காரர்கள் தாராளமாக வளர்க்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நான் ஏற்காட்டுக்காரி. கோலி வளர்க்கிறவள். அதே நினைப்பில் வாங்கி, பட்டுத் தெரிந்துகொண்டதால்தான் இந்தக் கடிதம்.

நாகலூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு. சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் சேலத்துக்கு இறங்கிப் போய், ஒரு பிரீடரிடம் (நாய் வளர்த்துக் குட்டி விற்பவரிடம்) இரண்டு மாதப் பெட்டைக்குட்டி வாங்கினோம். தேன் நிறம், கழுத்தைச் சுற்றி வெள்ளை, நாலு காலும் வெள்ளை. அவரிடம் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "வெயில் தாங்குமா?" சேலத்துச் சித்திரையில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன கேட்கத் தோன்றும்? "மலைக்குத்தானே கொண்டு போறீங்க, கவலையே வேண்டாம்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. இருபது கொண்டை ஊசி வளைவிலும் என் மடியில் வாந்தி எடுத்ததோடு சரி, மேலே வந்ததும் துள்ள ஆரம்பித்துவிட்டது. மைனா என்று பெயர் வைத்தோம்.

ஏழாவது மாதத்தில் உடம்பெல்லாம் உண்ணி. பக்கத்துத் தோட்டத்தில் ஆடு வைத்திருக்கும் அண்ணன், ஆடுகளுக்குப் புழு, பூச்சிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் அரை மில்லி போட்டுவிட்டார். எங்கள் பழைய நாட்டு நாய்க்கும் அவர்தான் போடுவார், ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. ஆகவே அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். ஊசி போடும்போது மைனாவைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

சாயங்காலம் வாயில் எச்சில் ஒழுகியது. பின்னங்கால் பின்னியது. ராத்திரி சுவரில் முட்டிக்கொண்டபோதுதான் கண் தெரியவில்லை என்று புரிந்தது. விடியற்காலையில் காரில் போட்டுச் சேலத்துக்கு ஓடினோம். டாக்டர் நாயைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "கோலியா? ஐவர்மெக்டின் போட்டீங்களா?" இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, உடம்பிலிருந்து தானாக இறங்கும்வரை டிரிப்ஸ் ஏற்றி, புண் வராமல் புரட்டிப் போட்டு, கண் காயாமல் களிம்பு தடவிக் காத்திருக்க வேண்டியதுதான் என்றார். ஒன்பது நாள் காத்திருந்தோம். பத்தாம் நாள் தலையைத் தூக்கிக் கஞ்சி குடித்தது.

அப்புறம் அவர் விளக்கியதைத்தான் உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். மருந்து மூளைக்குள் தங்கிவிடாமல் வெளியே தள்ளிவிடும் காவல்காரன் போன்ற ஒரு புரதம் உடம்பில் உண்டு. அதைச் செய்யும் மரபணுவுக்கு எம்டிஆர்1 என்று பெயர். கோலிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மரபணுவில் ஒரு சின்னத் துண்டு இல்லை. அதனால் காவல் சரியாக இல்லாமல் மருந்து மூளையில் தங்கிவிடுகிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2001இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே நூறு கோலிக்குச் சுமார் எழுபதுக்கு இந்தக் குறை உண்டு. ஊசி மருந்தில் மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கும். மைனா அப்போது 16 கிலோ. அரை மில்லி என்றால் கிலோவுக்கு 300 மைக்ரோகிராமுக்கு மேல். மற்ற நாய்களுக்குச் சொறிக்குக் கொடுக்கும் அளவுதான் அது. குறையுள்ள கோலிக்குக் கிலோவுக்கு 100 மைக்ரோகிராமே ஆபத்து.

ஐவர்மெக்டின் மட்டும் என்றாலும் பரவாயில்லை. வயிற்றுப்போக்குக்கு நாம் வீட்டில் வைத்திருக்கும் லோபரமைடு மாத்திரையும் இதே பட்டியலில் வருகிறது. மயக்கத்துக்கு முன் கொடுக்கும் அசிப்ரோமசின், புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் எல்லாம் அப்படியே. கருத்தடை அறுவைக்குக் கொண்டு போனாலும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லியாக வேண்டும்.

சரி, பிரீடரிடம் என்ன கேட்பது? "பேப்பர் இருக்கிறதா?" என்று எல்லோரும் கேட்கிறோம். நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் கொடுக்கும் பேப்பர் குட்டியின் வம்சத்தைச் சொல்லும், மரபணுவைச் சொல்லாது. தாய், தகப்பன் இரண்டுக்கும் எம்டிஆர்1 சோதனை செய்த தாளைக் கேளுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், அவ்வளவுதான் சோதனை. இரண்டுமே குறையில்லாதவை என்றால் குட்டிகளைப் பற்றிக் கவலை இல்லை. தாள் இல்லையென்றால் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். குறை இருப்பதாகவே நினைத்து வளர்த்துவிடலாம். ஆனால் "அதெல்லாம் எதுக்குங்க, எங்க நாய்க்கு ஒண்ணும் வராது" என்று சிரிப்பவரிடம் மட்டும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கண் விஷயம் இதைவிட நுணுக்கம். கண்ணின் பின்புறப் படலம் சரியாக வளராத பிறவிக்குறை ஒன்று இந்த இனத்தில் அதிகம். பெரும்பாலும் பார்வையைக் கெடுக்காது, கடுமையாக இருந்தால் விழித்திரையே பிரிந்துவிடலாம். இதை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கண் டாக்டர் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் நிறமி வளர்ந்து லேசான குறையை மூடிவிடுகிறது. பார்க்கிறவருக்கு நல்ல கண்ணாகவே தெரியும். அதாவது சோதிக்க வேண்டிய காலத்தில் குட்டி பிரீடரிடம்தான் இருக்கிறது, நம்மிடம் இல்லை. மைனாவின் கண்ணை ஒரு வயதில் காட்டினோம். "இப்போ நல்லாத்தான் இருக்கு, குட்டியில் எப்படி இருந்ததோ" என்றார் டாக்டர்.

நீலச்சாம்பல் திட்டுப் போட்ட 'மெர்ல்' நிறக் குட்டிக்கு விலை கூடச் சொல்வார்கள். தாயும் தகப்பனும் மெர்ல் நிறமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தச் சேர்க்கையில் சராசரியாக நாலில் ஒரு குட்டி, இரண்டு பக்கமிருந்தும் மெர்ல் மரபணு வாங்கிய இரட்டை மெர்லாகப் பிறக்கும்; அதற்குக் காதோ கண்ணோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதும் 2017இல் வந்த மத்திய அரசு விதிப்படி தப்பு. பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு.

முடியைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். வாரத்துக்கு இரண்டு முறை அடிவரை சீவினால் போதும். எங்கள் தோட்டத்தில் நாயுருவி அதிகம், பெயருக்கேற்றபடி பாதி விதையை மைனாதான் சுமக்கிறது. வெயில் என்று மொட்டையடித்துவிடாதீர்கள், அந்த முடிதான் வெயிலையும் தடுக்கிறது. மேய்ச்சல் இனம் என்பதால் சும்மா இருக்கத் தெரியாது. காபி பறிக்க வரும் பெண்களின் குழந்தைகளை ஒரே இடத்தில் மடக்கி உட்காரவைத்துவிட்டுத்தான் ஓயும்.

மைனாவின் கழுத்துப்பட்டையில் இப்போது ஒரு தகடு தொங்குகிறது: "ஐவர்மெக்டின் போடாதீர்கள்." மாட்டாஸ்பத்திரிச் சீட்டிலும் சிவப்பு மையில் எழுதி வாங்கிவிட்டேன். ஆட்டுக்காரர் அண்ணன் தன் ஆடுகளுக்கு அந்த ஊசி போடும் நாளில் முதலில் எனக்குத்தான் போன் செய்கிறார். மருந்தில் பெரும்பங்கு புழுக்கையோடுதான் வெளியேறும், கண்டதையும் மோந்து தின்கிற நாய்க்கு அதுவே போதும். அந்த வாரம் முழுக்க மைனா சங்கிலியில்தான்.

பிரீடர் பெயரை நான் எழுதவில்லை. என் பெயரையும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
நாகலூர் வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்