தூங்குகிற ஆளின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் வாரமலரில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் மேரி எலன் மார்க் பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது, எழுதியவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். ஆனால் அதே பத்திரிகையின் உள்பக்கத்தில், எங்கள் பஸ் நிலையத்துச் சீமெந்து இருக்கையில் படுத்திருக்கும் ஒரு வயோதிப அம்மாவின் படத்தைப் பெரிதாகப் போட்டு, நகரின் அழகு கெடுகிறது என்று கீழே எழுதியிருந்தீர்களே, இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள்தான் பார்த்து அச்சுக்கு அனுப்பினாரா?

நான் மட்டக்களப்பு டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருப்பவன். கல்யாணம், சாமத்திய வீடு, அடையாள அட்டைப் படம், இதுதான் பிழைப்பு. அந்தப் படத்தை எப்படி எடுத்தார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கால்மாட்டில் நின்று நேரே ஃபிளாஷ் அடித்திருக்கிறார், முகம் வெளுத்துப்போய், பின்சுவரில் நிழல் கறுப்பாக வெட்டி விழுந்திருக்கிறது. அந்த அம்மா செருப்பு இரண்டையும் ஷொப்பிங் பேக்கில் சுற்றித் தலைக்குக் கீழே வைத்திருக்கிறார், விடிவதற்குள் யாரும் கிளப்பிக்கொண்டு போய்விடக்கூடாதே என்றுதான். அந்த இடத்தில் இரவு படுப்பது எப்படி என்பதை அந்தச் செருப்பே சொல்லும். அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்த ஃபிளாஷ் கதை பழசு. 1880களின் கடைசியில் நியூயோர்க்கில் ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகையாளர் அப்போது புதிதாக வந்த மக்னீசியத் தூளைக் கொளுத்தி, இருட்டு அறைகளில் நெருக்கியடித்துப் படுத்திருந்தவர்களைப் படம் எடுத்தார். சனம் திடுக்கிட்டு எழும்பிக் கண்ணைக் கூசிக்கொண்டு பார்க்கிற படங்கள் அவை. தூளைக் கொளுத்தப்போய் வீட்டுக்கே தீ வைத்த கதையையும் அவரே எழுதியிருக்கிறார். கெட்ட மனுஷன் என்று சொல்ல வரவில்லை, கப்பலேறிப் போன புதிதில் அவரும் போக்கிடம் இல்லாமல் பொலிஸ் நிலையத்தில் வீடற்றவர்கள் தங்கும் அறையில் படுத்தவர்தான். அந்த அறைகள் அசிங்கம், மூட வேண்டும் என்று விடாமல் எழுதினார். 1896இல் பொலிஸ் ஆணைக்குழுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், பிறகு ஜனாதிபதியாக வந்தவர், மூடியும் விட்டார். சரி, அறைகள் போய்விட்டன, அங்கே படுத்தவனுக்கு அன்றைக்கு இரவு வீடு கிடைத்துவிட்டதா?

எனக்குப் பயம் அதுதான். உங்கள் படத்தை மாநகர சபையும் பார்க்கும், பொலிஸும் பார்க்கும். பெரிய ஆள் யாராவது ஊருக்கு வருகிறார் என்றால் பஸ் நிலையத்தில் படுப்பவர்களை விரட்டுவது இங்கே யாருக்கும் புதினம் இல்லை. அதற்குத் தோதாக, வீடு வாசல் இல்லாமல் திரிபவர்களைப் பிடிக்கவென்று 1841இல் வெள்ளைக்காரன் எழுதிவைத்த வேக்ரன்ட்ஸ் சட்டம் வேறு. அழகு கெடுகிறது என்று பத்திரிகையே எழுதினால், விரட்டுகிறவனுக்கு வேறு என்ன காரணம் வேண்டும்?

மேரி எலன் மார்க் செய்ததைப் பாருங்கள். 1983இல் சஞ்சிகை ஒன்றுக்காகத் தெருவில் வாழும் பிள்ளைகளைப் படம் எடுக்க சியாட்டில் போனார். அந்த ஊரைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம், வாழ நல்ல நகரம் என்று அதற்கு இருந்த பெயர். அப்படிப்பட்ட ஊரிலேயே இந்த நிலை என்று காட்டத்தான். அங்கே சந்தித்த 13 வயதுப் பிள்ளை, டைனி என்று கூப்பிடுவார்கள், அவளை அதோடு விட்டுவிடவில்லை. நியூயோர்க்குக்குக் கூட்டிப்போய் வைத்திருக்கிறோம், பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று இவரும் கணவரும் கேட்டுப் பார்த்தார்கள், அவள் மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குப் பிறகும் போய்ப் போய்ப் படம் எடுத்தார், அவள் பத்துப் பிள்ளைகளுக்குத் தாயானதையும் எடுத்தார், 2015இல் சாகும் வரை. 30 வருஷத்துக்கு மேல். அவ்வளவு செய்தும் அந்தப் பெண்ணின் கஷ்டம் தீர்ந்துவிடவில்லை என்பதும் அந்தப் படங்களிலேயே தெரிகிறது. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

உங்களிடம் 30 வருஷம் கேட்கவில்லை. அரை மணித்தியாலம் பக்கத்தில் உட்கார்ந்து கதைத்திருக்கலாம். சுனாமி நேரம் முகாம்களில் உதவி தந்தவர்களுக்கு நன்றிப் பதாகையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்று நின்று சலித்த சனம் நாங்கள், கமராவைக் கண்டாலே "போட்டோ வேணாம் மனே" என்று முகத்தைத் திருப்புகிற கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். கதைத்திருந்தால் உண்மையான விஷயம் வெளியே வந்திருக்கும். தெருவில் படுப்பவர்கள் என் கடைக்கும் வருவதுண்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுக்க. படம் எடுப்பது எனக்கு ஐந்து நிமிஷ வேலை. விண்ணப்பத்தில் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும், எந்த விலாசத்தை உறுதிப்படுத்துவார்? "என் பிரிவு ஆள் இல்லை" என்று ஒருவர் மற்றப் பிரிவுக்கு அனுப்ப, அங்கேயும் அதே பதில். அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு இல்லை, ஏழைகளுக்கு அரசாங்கம் 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவிக் காசு வங்கிக்குத்தான் வருகிறது. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாத ஆளைத் தேடி அரசியல்வாதியும் வரமாட்டார். அப்புறம் அந்த அம்மா சீமெந்தில் படுக்காமல் எங்கே போய்ப் படுப்பார்?

உங்கள் நிருபரைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பி, விலாசம் இல்லாத ஆளுக்கு அட்டை எடுக்க என்ன வழி என்று கேட்டு எழுதுங்கள். படம் போடத்தான் வேண்டும் என்றால் அவர் விழித்திருக்கும்போது கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் படம் உங்கள் முகநூல் பக்கத்தில் இன்னும் கிடக்கிறது, கீழே வந்திருக்கும் கருத்துகளை வீட்டுப் பிள்ளைகள் பார்க்க முடியாது. அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டூடியோ நடத்தும் வாசகன்,
மட்டக்களப்பு.