காமன் கூத்துக்கு வளாகத்தில் ஓர் இரவு வேண்டும்

பத்திராசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ் மாணவர்கள் அண்மையில் நடத்திய வருடாந்தக் கலைவிழாவுக்கு, எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர்கள் 22 பேரை அழைத்துச் சென்றிருந்தேன். விழா ஒழுங்காக நடந்தது. ஏற்பாட்டாளர்கள் பல வாரங்கள் கண்விழித்து உழைத்திருந்தார்கள் என்பது அவர்களுடைய முகங்களிலேயே தெரிந்தது. ஆயினும் அந்த மாலைப்பொழுதின் பெரும்பகுதியைப் பணம் கொடுத்து அமர்த்திய இசைக்குழு ஒன்றே எடுத்துக்கொண்டது. தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் பெயரால் மேடைக்கு வந்தது, சினிமாப் பாட்டொன்றுக்குக் கொழுந்துக்கூடை சுமந்து ஆடிய ஐந்து நிமிட நடனம் மாத்திரமே. திரும்பி வருகையில் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த மாணவி கேட்டாள்: "சேர், நம்ம காமன் கூத்த இங்க போட விடுவாங்களா?" மன்மதன் எரிந்த கதையை எங்கள் தோட்டங்களில் இரவிரவாக ஆடும் அந்தக் கூத்தைப் பற்றி அவளுக்கு அன்று என்னால் தெளிவாகப் பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலைத்தான் இக்கடிதத்தில் எழுத முயல்கிறேன்.

நான் 1990களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் மகாவலிக் கரைக்கு, ஹந்தானை மலையடிவாரத்துக்கு இடம்பெயர்ந்தது. மாணவர்கள் விடுதிகளிலேயே தங்கிப் படிக்க வேண்டும் என்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட வளாகம் அது. மாலை நான்கு மணிக்குப் பஸ் பிடித்து வீடு போகிறவர்களால் நாடகம் பழக முடியாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களாலேயே முடியும். அதனால்தான் பேராதனையில் ஒத்திகையும் சஞ்சிகையும் மாணவர் வாழ்க்கையின் பகுதிகளாயின. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரான 'இளங்கதிர்' மாணவர்களுடைய கைகளாலேயே வளர்ந்தது. வளாகத்துக் குறிஞ்சிக்குமரன் கோயிலில் பொங்கலன்று விறகு சுமப்பவரும் மாணவர், பானையைக் கிளறுபவரும் மாணவர். பொங்கல் அடிப்பிடித்தாலும் அது நாம் பொங்கியது என்ற நிறைவோடு வாழையிலையில் வாங்கிச் சாப்பிட்டோம்.

அந்த வளாகத்தின் நாடக மரபு எப்படித் தோன்றியது என்பதை இன்றைய மாணவர் சங்கத்தார் நினைத்துப் பார்க்க வேண்டும். பேராசிரியர் எதிரிவீர சரத்சந்திர 1956 இல் 'மனமே' நாடகத்தை ஆக்கியபோது, 'நாடகம்' எனப்படும் சிங்களக் கிராமியக் கூத்தின் ஆசான் ஒருவரிடம் அந்த ஆட்டமுறையையும் இசையையும் கற்றுக்கொண்ட பின்னரே மேடைக்குப் போனார். பேராதனையின் திறந்தவெளி அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்ப் பக்கத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்து ஆசான்களான மட்டக்களப்பு அண்ணாவிமாரின் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு வந்தார். 1962 இல் 'கர்ணன் போர்', அடுத்த ஆண்டு 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலி வதை' எனத் தொடர்ந்த அந்த நாடகங்களில் ஆடியவர்கள் மாணவர்கள். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, ஆட்டமும் மத்தளமும் கெடாமல், ஓரிரு மணிநேர மேடை நாடகமாகச் சுருங்கியது. படிக்காதவர்களின் கலை என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றைப் படித்தவர்கள் காலில் சலங்கை கட்டி ஆடினார்கள். அதைப் பார்த்த பிறகே நகரத்து ஆட்களும் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள். அண்ணாவியாரைக் குருவாக ஏற்றுப் பழகியதே பேராதனையின் உண்மையான மாணவ மரபு என்பேன். இசைக்குழுவை அழைப்பது அந்த மரபின் தொடர்ச்சி அன்று.

ஆனால் அந்த மரபிலும் ஒரு குறை இருந்தது. வளாகத்தின் ஊடாகச் செல்லும் கலஹா வீதி, தெல்தோட்டை வழியாக மேலே ஏறிப் போனால், 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைப் பக்கத்துக்குப் போய்ச் சேரும். அந்த வீதியில் நாள் முழுவதும் ஓடும் பஸ்களில் தோட்டத்துச் சனம் வளாகத்தைக் கடந்து கண்டிக்குப் போகிறது, வருகிறது. மட்டக்களப்பிலிருந்து கூத்து பேராதனைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் பஸ்ஸில் போய்வந்தவர்களின் காமன் கூத்தையும், அருச்சுனன் தபசையும், பொன்னர் சங்கரையும் நான் படித்த நான்கு ஆண்டுகளில் ஒருமுறையேனும் வளாகத்து மேடையில் காணவில்லை.

அதற்கு எங்கள் பங்கும் உண்டு. என் தகப்பனார் தோட்டத்தில் தப்பு அடிப்பவர். மாசி மாதத்தில் காமன் பொட்டலில் விடியும்வரை நின்றவர். புதுமுக மாணவர் அறிமுக மாலையில் ஏதேனும் பாடும்படி என்னைக் கேட்டார்கள். ரதியின் புலம்பல் எனக்கு முழுவதுமாக மனப்பாடமாக இருந்தது. தோட்டத்து வரிசை வீடுகளைச் சுட்டி "லயத்துப் பாட்டு" என்று யாராவது இளக்காரமாகச் சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி, அதை விழுங்கிக்கொண்டு ஒரு சினிமாப் பாட்டைப் பாடினேன். அப்பாவிடம் இதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

புதுமுக மாணவர்களைத் துன்புறுத்தும் பகிடிவதையையும் மரபு என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேராதனையிலேயே அதனால் இளம் உயிர் பறிபோயிருக்கிறது. 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. அதைப் பற்றி வாதிட எதுவும் இல்லை. புதுமுக மாணவர்களை நெருக்கமாக்கவே அது தேவை என்று சொல்லும் சிரேஷ்ட மாணவர்களுக்கு, ஆறு வாரங்கள் சேர்ந்து ஒரு கூத்தைப் பழகிப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

காமன் கூத்தை அப்படியே தூக்கி வந்து மேடையில் வைத்துவிடலாம் என்று நான் கருதவில்லை. அது நேர்த்திக்கடனோடு சேர்ந்த கூத்து. எங்கள் பக்கத்தில் மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையில் கம்பம் நட்டு, நாள்தோறும் இரவில் பாடி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கிறாள், அவன் கேட்கவில்லை, நெற்றிக்கண் திறக்கிறது. அவன் எரிந்த பின் ரதி அழும்போது, பொட்டலைச் சுற்றி நிற்கும் பெண்களும் கூடவே அழுவார்கள். ரதி வேடம் கட்டியிருப்பவர் பகலில் கவ்வாத்து வெட்டிய ஆண் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். கம்பத்தைச் சுற்றிய வைக்கோல் எரியும் மணம், தப்பைத் தீயில் காய்ச்சும்போது தோல் இறுகி எழும் ஓசை, பனியில் நனைந்த காகிதப்பூக் கிரீடம் இவற்றை வளாகத்து மேடைக்குக் கொண்டு வர முடியாது. பாட்டையும் ஆட்டத்தையும் அடவையும் கொண்டு வரலாம்.

எனவே பேராதனை உட்பட மலையக மாணவர்கள் படிக்கும் பல்கலைக்கழகங்கள் அனைத்தினதும் தமிழ்ச் சங்கத்தாரிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த கலைவிழாவில் ஓர் இரவைக் காமன் கூத்துக்கு ஒதுக்குங்கள். அதற்கு முன்னர் தோட்டத்துக்கு வந்து, பொட்டலில் இருந்து முழு இரவும் பாருங்கள். கூத்து வாத்தியாரை வளாகத்துக்கு அழைத்து, மாணவர்களுக்குப் பழக்கச் செய்து, இசைக்குழுவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியையாவது அவருக்கு மரியாதையாகக் கொடுங்கள். ஒரு நாள் தோட்டத்துப் பெயரை, அதாவது அன்றைய கூலியை, இழந்தால் அவருக்கு எவ்வளவு நட்டம் என்பதையும் கணக்கில் எடுங்கள். அவர் கையில் இருக்கும் பாட்டுக் கொப்பியைப் பிரதி எடுத்து உங்கள் ஆண்டு மலரில் அச்சிடுங்கள். எங்கள் தோட்டத்தில் அப்படியொரு கொப்பி கூரை ஒழுகி நனைந்து, பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வயதான வாத்தியார்மார் போன பின்பு அந்தப் பக்கங்களில் என்ன இருந்தது என்று கேட்க ஆள் இருக்காது.

பஸ்ஸில் கேள்வி கேட்ட மாணவி இவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறாள். அவளுடைய மாமா எங்கள் தோட்டத்தில் ரதி வேடம் கட்டுபவர். வருகிற மாசியில் இங்கே காமன் நடுவார்கள். பார்க்க வர விரும்பும் மாணவர் சங்கத்தார் இப்பத்திரிகை வழியாகத் தெரிவித்தால், தங்குவதற்கு எங்கள் வீட்டில் இடமும் இரவுக்கு ரொட்டியும் சம்பலும் நிச்சயம் உண்டு. பொட்டலில் குளிர் கடுமையாக இருக்கும். ஆளுக்கொரு கம்பளி கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
ஹட்டன்.