அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகங்களுக்குப் பழுதுநீக்க நிதி அதிகாரம் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
மண்டல வளாகங்கள், உறுப்புக் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்கள், பெற்றோர், ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்கள்,
திருநெல்வேலி.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை,
சென்னை – 600 009.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பொருள்: உயர்கல்வி – அண்ணா பல்கலைக்கழகம் – மண்டல வளாகங்கள், உறுப்புக் கல்லூரிகள் – ஆய்வகப் பழுதுநீக்கத்துக்கு நிலை முன்பணம், சான்றிதழ் சேவை முகப்பு, நிரந்தர ஆசிரியர் பணியிடம் – வேண்டுதல் – தொடர்பாக.

வணக்கம். சென்னையின் கிண்டிப் பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) ஆகிய கல்லூரிகளைக் கொண்டு 1978-இல் உருவான அண்ணா பல்கலைக்கழகம் 2007-இல் பிரிந்தது. கோவை, திருச்சி, திருநெல்வேலியில் தனிப் பல்கலைக்கழகங்கள் வந்தன. 2010-இல் மதுரையும் சேர்ந்தது. 2012-இல் எல்லாம் மறுபடி ஒன்றாயின. தனியாக இயங்கியபோது இந்த ஊர்களில் துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என முழு அலுவலகமே இருந்தது. இணைப்புக்குப் பின் அதிகாரம் கிண்டியில் உள்ள தலைமையகத்துக்குப் போய்விட்டது. கோவை, மதுரை, நெல்லை வளாகங்களிலும், ஆரணி முதல் நாகர்கோவில் வரையுள்ள உறுப்புக் கல்லூரிகளிலும் (பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் கல்லூரிகள்) வகுப்பும் ஆய்வகமும் அங்கங்கேதான் நடக்கின்றன.

இணைப்பை மாற்றச் சொல்லி இந்த மனுவை எழுதவில்லை. ஒரே பட்டமும் ஒரே பாடத்திட்டமும் மாணவருக்கு நல்லதுதான். சிறு செலவுக்கும் சிறு கையொப்பத்துக்கும் மட்டும் முடிவை வளாகத்திலேயே எடுக்க வழி செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை. கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் எந்த வளாகத்தின் பெயரையும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் விளக்கம் கேட்டு மெமோ போவது அங்குள்ள டீனுக்கு (வளாகத் தலைவருக்கு). கோளாறோ நடைமுறையில் இருக்கிறது.

முதலில் ஆய்வகம். பாடத்திட்ட நூலில் பல செய்முறைத் தாள்களுக்குக் கீழே '30 மாணவர் கொண்ட பிரிவுக்குத் தேவையான கருவிகள்' என்று ஒரு பட்டியல் இருக்கும். கருவி வாங்கும்போது அந்த எண்ணிக்கை சரியாகவே இருக்கும். சிக்கல் ஐந்தாறு ஆண்டு கழித்து, பழுது தொடங்கும்போது வருகிறது.

மின் இயந்திர ஆய்வகத்து டி.சி. ஷன்ட் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சுமைச் சோதனையில் பிரேக் டிரம்மில் பெல்ட்டை இறுக்கி, டிரம் சூடேறாமல் உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஸ்பிரிங் தராசில் அளவு எடுப்பார்கள். இதில் தேய்கிற பொருள் கார்பன் பிரஷ், அதாவது சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு. பிரஷ் குட்டையானால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும். பிரஷ் உரசும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரில் தீப்பொறி பறக்கும். அந்த நிலையிலேயே மாற்றினால் சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. மாற்றாமல் ஓட்டினால் கம்யூட்டேட்டர் கருத்துக் குழி விழும். பிறகு ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பகுதியை) கழற்றி, லேத்தில் கடைந்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவைத் தாழ்த்தி, மறுபடி பூட்ட வேண்டும். செலவு ஆயிரங்களில் போகும். அது பழுதாகிக் கிடக்கும் வரை ஐந்து பேர் நிற்க வேண்டிய மேசையில் ஆறேழு பேர் நிற்பார்கள். இரண்டு பேர் அளவு எடுப்பார்கள், மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

இந்தப் பிரஷ்ஷுக்குக் கோப்பு எப்படி நகரும் என்பது தாங்கள் அறிந்ததே. ஆய்வகப் பொறுப்பாளர் தேவைப் பட்டியல் தருவார். துறைத் தலைவர் பரிந்துரைப்பார். மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல், கொள்முதல் குழு, டீன் கையொப்பம். அதற்கு மேல் கோப்பு தலைமையகம் போய்த் திரும்ப வேண்டியிருந்தால், நடுவில் ஒரு விளக்கம் கேட்டு வந்தாலே பருவத்தின் பாதி போய்விடும். வாரம் நான்கு பிரிவேளை, மொத்தம் 60 பிரிவேளை கொண்ட செய்முறைத் தாள் அதற்காகக் காத்திருக்காது. தொகை பெரிதாகி டெண்டருக்குப் போனால், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கே ஒப்பந்தப்புள்ளி பெறக் குறைந்தது 15 நாள் விட வேண்டும் என்பது விதி. அதைக் குறை சொல்லவில்லை. லட்சங்களில் வாங்கும்போது அந்த விதி வேண்டியதுதான். கார்பன் பிரஷ்ஷும் அதே வரிசையில் நிற்பதுதான் தவறு.

வேதியியல் ஆய்வகத்தில் பாதிப்பு கண்ணுக்கே தெரியாது. உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் வாலைவடி கருவியின் ஹீட்டர் சுருளில் சுண்ணாம்புப் படிவு கட்டும். சூடு தண்ணீருக்குப் போகாமல் சுருளிலேயே தங்க, சுருள் எரிந்துபோகும். மாற்றுச் சுருள் கையில் இல்லாத நாளில் யாராவது குழாய்த் தண்ணீரில் ஈ.டி.டி.ஏ. (தண்ணீரின் கடினத்தன்மையை அளக்க உதவும் வேதிப்பொருள்) கரைசல் கலப்பார்கள். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமே ஈ.டி.டி.ஏ.வின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். கரைசல் வலுக்குறைய, அதன் உண்மை வலுவை அளந்து தரப்படுத்தாமல் பயன்படுத்தினால் தண்ணீரின் கடினத்தன்மை எல்லோருக்கும் கூடுதலாக வரும். மாணவர் தன் கைப்பிழை என்று நினைத்து நோட்டில் விடையைத் திருத்துவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலில் படிவை நீக்கி, மாற்றுச் சுருள் ஒன்றை அலமாரியில் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

கணினி ஆய்வகத்து யு.பி.எஸ். கதையும் இதுதான். 12 வோல்ட் பேட்டரிகள் 16 அல்லது 20 தொடராக இணைந்திருக்கும். ஒன்று செத்தால் வரிசை முழுவதும் படுத்துவிடும். அந்த ஒன்றை மட்டும் புதிதாகப் போட அனுமதி கிடைக்கும். பழையவற்றோடு சேர்ந்து புதியதும் சீக்கிரம் கெடும். முழு வரிசையையும் ஒன்றாக மாற்றுவதே சிக்கனம். ஆனால் தாளில் அது அதிகச் செலவாகத் தெரிவதால் தணிக்கையில் கேள்வி வரும்.

எனவே வேண்டுவது:

அ) ஒவ்வொரு துறைக்கும் பருவத்துக்கு ரூ.50,000 நிலை முன்பணம், பழுதுக்கும் நுகர்பொருளுக்கும் மட்டும். ரூ.10,000 வரை துறைத் தலைவரே ஒரே விலைப்புள்ளியில் செலவிடலாம். அதற்கு மேல் மூன்று விலைப்புள்ளியும் டீன் ஒப்புதலும். ரசீது, இருப்புப் பதிவேட்டுப் பக்க எண், பழுதான பாகத்தின் படம் ஆகியவற்றை மாதக் கணக்கோடு இணைத்துப் பதிவாளருக்கு அனுப்பிய பின் முன்பணம் நிரப்பப்பட வேண்டும்.

ஆ) பெரிய கொள்முதலுக்கான தேவைப் பட்டியலை ஏப்ரல், மே மாதங்களிலேயே பெற்று முடிவு செய்ய வேண்டும். பிப்ரவரியில் வரும் அனுமதி மார்ச் 31-க்குள் செலவாகாமல் திரும்பிப் போகும், அல்லது கடையில் இருப்பதை வாங்கிக் கணக்கு முடிக்கும் அவசரத்தில் போய் முடியும். இரண்டும் நல்லதல்ல.

இ) பாடத்திட்டத்தின் கருவிப் பட்டியலை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வளாகத்திலும் ஆய்வு செய்து, 'இருக்கிறது, ஓடுகிறது, ஓடவில்லை' என மூன்று பத்திகளில் இணையத்தில் வெளியிட வேண்டும். 'இருக்கிறது' என்ற ஒரே பத்தியோடு நின்றால் எந்தப் பயனும் இல்லை.

ஈ) குடிமைப் பொறியியல் துறைகளில் கான்கிரீட் கனசதுர அழுத்தச் சோதனை போன்றவற்றுக்கு உள்ளூர் ஒப்பந்ததாரர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள். அந்த வருவாயில் ஒரு பங்கு அதே ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் செலவுக்கு நிற்க வேண்டும். அளவுத்திருத்தச் சான்று காலாவதியான இயந்திரத்தின் முடிவை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார்; அதோடு வருவாயும் நிற்கும்.

அடுத்தது சான்றிதழ். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். இணையவழி விண்ணப்பம் எவ்வளவு விரிந்தாலும், பெயரில் ஓர் எழுத்துப் பிழை, தொலைந்த மதிப்பெண் பட்டியலின் நகல் போன்றவற்றில் அசல் ஆவணத்தைக் கண்ணால் பார்க்க ஒருவர் வேண்டும். கோவை, மதுரை, திருநெல்வேலி, திருச்சி வளாகங்களில் ஒவ்வொரு சேவை முகப்பு அமைத்து, அசலைச் சரிபார்த்துச் சான்றொப்பமிடும் அதிகாரத்தை அங்குள்ள உதவிப் பதிவாளர் நிலை அலுவலருக்குத் தர வேண்டும்.

இதில் 2007 முதல் 2012 வரை படித்தவர்களின் சிக்கல் தனி. 2009-இல் கோவையில் சேர்ந்து 2013-இல் முடித்த ஒருவரின் கையில், தொடக்கப் பருவங்களின் மதிப்பெண் பட்டியல் 'அண்ணா பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்' என்றும், நடுப்பருவங்களுடையது 'அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர்' என்றும், பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரிலும் இருக்கும். வெளிநாட்டுச் சான்று மதிப்பீட்டாளர் மூன்று வெவ்வேறு நிறுவனங்கள் என்று எடுத்துக்கொண்டு விளக்கம் கேட்பார். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிதம் வாங்க அலைவதற்குப் பதில், பிரிப்பு, பெயர்மாற்றம், இணைப்பு ஆகியவற்றின் அரசாணை எண்களையும் நாள்களையும் குறிப்பிட்டு, பதிவாளர் கையொப்பத்துடன் கியூ.ஆர். குறியீடு கொண்ட ஒரே ஒரு விளக்கச் சான்றை இணையத்தில் வைத்தால் போதும். செலவே இல்லாத வேலை.

கடைசியாகப் பணியிடங்கள். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வகுத்த ஆசிரியர்–மாணவர் விகிதம் 1:20. ஆண்டுக்கு 60 பேர் சேரும் ஒரு பிரிவில் நான்காண்டு மாணவர்கள் 240. அதற்கு, முதலாண்டு அறிவியல் ஆசிரியர்களையும் சேர்த்து, 12 பேர் வேண்டும். தொகுப்பூதிய ஆசிரியர்களைக் கொண்டு இந்த எண்ணிக்கையை நிரப்பிவிடலாம். ஆனால் முனைவர் பட்ட வழிகாட்டியாகவும், மத்திய அரசின் பெரும்பாலான ஆய்வுத் திட்டங்களில் முதன்மை ஆய்வாளராகவும் இருக்க நிரந்தரப் பணி கேட்கப்படுகிறது. வகுப்பு நடந்துவிடும், ஆய்வு நடக்காது. ஒவ்வொரு துறையிலும் குறைந்தது ஒரு பேராசிரியர் அல்லது இணைப் பேராசிரியர் பணியிடத்தையாவது முதல் கட்டமாக நிரந்தரமாக நிரப்ப வேண்டும். ஆய்வக உதவியாளர் பணியிடமும் இதோடு சேர்ந்தது. பிரஷ் தேய்வதை முதலில் பார்ப்பவர் அவர்தான்.

முன்பணத் திட்டத்தை ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தொடங்கத் தயக்கம் இருப்பின், ஒரு மண்டல வளாகத்திலும் இரண்டு உறுப்புக் கல்லூரிகளிலும் வரும் கல்வியாண்டின் இரு பருவங்களுக்கு நடத்திப் பார்த்து, பழுதான நாளுக்கும் சரியான நாளுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு முடிவெடுக்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்
(கையொப்பப் பட்டியல் தனியே இணைக்கப்பட்டுள்ளது)

இடம்: திருநெல்வேலி
நாள்: 07.04.2025

நகல்: துணைவேந்தர் அலுவலகம் மற்றும் பதிவாளர், அண்ணா பல்கலைக்கழகம், சென்னை – 600 025.