காக்கையை எண்ணித் தந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

பிப்ரவரிக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பின் நான்கு நாளும் முடிந்தன. கடைசிப் பட்டியலை ஏற்றிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் நன்றி, "எங்க பக்கம் வெறும் காக்காதான், அதை எதுக்கு எழுதணும்?" என்று கேட்டுவிட்டு, எழுதியும் கொடுத்தவர்களுக்கு. குறிப்பாக மூன்றாம் மாடிப் பாட்டிக்கு. படி இறங்க முடியாதவர். தினமும் காலையில் பால்கனியில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து காக்கை, புறா, சிட்டுக்குருவி என்று கோடு போட்டார். மூன்றாம் நாள் போன் செய்தார். "இன்னைக்குக் குருவி ஒண்ணுகூட வரலை. நேத்து எண்ணினதையே போட்டுடவா?" வராததும் கணக்குதான் பாட்டி என்றேன். நம்பினாரா தெரியவில்லை, ஆனால் உள்ளபடியே எழுதினார்.

அரிய பறவையைத் தேடிப் போக எப்போதும் ஆள் உண்டு. சாதாரணப் பறவையைத்தான் யாரும் எண்ணுவதில்லை. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் வானத்தையே மறைத்துப் பறந்த பயணிப் புறாவில் கடைசி ஒன்று 1914 செப்டம்பரில் ஒரு விலங்குக் காட்சிசாலைக் கூண்டில் செத்தது. அதே கண்டத்தில் 1970க்குப் பிறகு சுமார் 290 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் பெரும்பங்கு தினம் கண்ணில் படுகிற குருவி வகைகள். பாட்டியைப் போன்றவர்கள் வருடக்கணக்கில் எழுதிவைத்த பட்டியல்கள் இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

முதல் நாள் தூறலில் பத்துப் பேர்கூட வரவில்லை. முகம் தொங்கிப்போனது. 1900இல் வேட்டைக்குப் பதிலாகப் பறவைகளை எண்ணலாம் என்று கிறிஸ்துமஸ் கணக்கெடுப்பைத் தொடங்கியவர்களே மொத்தம் 27 பேர்தான் என்று ஒரு மூத்த பறவை நோக்கர் சொல்லித் தேற்றினார். அவருக்கும், பைனாகுலர் இரவல் தந்து, புறாவைப் பருந்து என்றவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்த அவருடைய நண்பர்களுக்கும் நன்றி.

அப்புறம் பிள்ளைகள்! பறவைகள் மோதாமல் இருக்க ஜன்னல் கண்ணாடியில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பொட்டு ஒட்டினார்கள், அதுவும் முதலில் உட்புறமாக. கண்ணாடியின் வெளிப்புறத்தில் வானமும் மரமும் பிரதிபலிப்பதுதான் பறவையை ஏமாற்றுகிறது, அதனால் பொட்டு வெளியேதான் வேண்டும் என்றதும், முனகாமல் (சரி, கொஞ்சம் முனகி) எல்லாவற்றையும் உரித்து மறுபடி ஒட்டினார்கள். சொல்ல மறந்தது என் தப்பு. ஏணியைப் பிடித்து நின்ற பெற்றோருக்கும் நன்றி.

மே மாத இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். அன்று மறுபடி கூடுவோம். இரவல் பைனாகுலர் ஒன்றின் லென்ஸ் மூடி இன்னும் யாரிடமோ இருக்கிறது. அன்றைக்காவது கொண்டுவந்துவிடுங்கள்.